இரண்டாம் அறிக்கை

கப்பலூர் தொழிற்பேட்டை. ரப்பர் பட்டறை.
ஆவணியில் ஒரு நாள், இரண்டாம் ஷிப்ட்.
இரட்டை உருளைக்குள் போனது ஒச்சப்பனின் இடது கை.
மூன்று விரல் திரும்பி வரவில்லை.

அன்றைக்கே எழுதினேன்.
ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்கும் முறை.
ஏன் கையை விட்டான்? தாள் சுருண்டது.
ஏன் நிறுத்தவில்லை? நிறுத்தினால் சரக்கு இறுகிவிடும்.
ஐந்தாவது ஏனில்
அவனே வந்து நின்றான்: கவனக்குறைவு.
அதற்குக் கீழே படிவத்தில் கோடு இல்லை.

பங்குனியில் கோப்பைக் காணோம்.
ஆய்வாளர் வருகிறார், மறுபடி எழுதுங்கள் என்றார்கள்.
அதே புகைப்படங்கள், அதே வாக்குமூலம்,
அதே ஐந்து ஏன், அதே நான்.
முதல் ஏனை மட்டும்
இந்தத் தடவை உருளையிடம் கேட்டுவிட்டேன் போல:
நீ ஏன் நிற்கவில்லை?
பாதுகாப்புக் கம்பியின் கேபிள் தளர்ந்திருந்தது.
மாற்றச் சொன்ன சீட்டு
மேலாளரின் மேசையில் நாற்பது நாள் கிடந்தது.

அப்புறம் பழைய கோப்பு கிடைத்தது,
முதலுதவிப் பெட்டிக்குப் பின்னால்.
இரண்டிலும் என் கையெழுத்து.

மதுரைக்கு வழி வாயிலே என்பார்கள்.
கேட்டுக் கேட்டுத்தான் போனேன்,
இரண்டு ஊரில் கொண்டுபோய் விட்டது.

தரக்கட்டுப்பாட்டு ஜெசிந்தாவிடம் கொடுத்துப் பார்த்தேன்.
வெக்கை, காற்றோட்டம் இல்லை என்று எழுதினாள்.
எலெக்ட்ரீஷியன் தவசி
ஆள் குறைவு என்றான்; அதுவும் பொய்யில்லை.

ஒரே தாளை மூன்று பேர் அளந்து
மூன்று எண் வந்தால்
மைக்ரோமீட்டரை ஜெசிந்தா அன்றே
பழுது பார்க்க அனுப்பிவிடுவாள்.
என்னை எங்கே அனுப்புவது?

யோசித்துப் பார்த்தால்
பங்குனியில் அந்த வாரம்
பழங்காநத்தம் பாலத்து இறக்கத்தில்
என் ஸ்கூட்டரின் பிரேக் கேபிள் அறுந்தது.
கேபிளே கண்ணில் பட்டிருக்கும்.
ஆவணியில் எனக்கு என்ன அறுந்திருந்தது,
நினைவில்லை.

கையெழுத்து வாங்க வந்த ஒச்சப்பன்
இரண்டையும் படித்தான்,
வலது கையால் பக்கம் புரட்டி.
"எத எழுதுனாலும் ஈ.எஸ்.ஐ. ஒண்ணுதான மேடம்?"
ஒன்றுதான்.
மூன்று விரலுக்கு என்ன சதவீதம் என்பதற்கு
அட்டவணை இருக்கிறது.
யார் பார்த்தாலும் அதே எண்.

பேனா மூடியைப் பல்லால் கழற்றினான்.
அந்த நேரம் உள்ளே உருளை ஓடிக்கொண்டிருந்தது,
புது ஆள், புதுக் கேபிள்.

நான்கு அறிக்கையையும் ஒரே கிளிப்பில் கோத்து அனுப்பினேன்.
வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது,
ஓரத்தில் பென்சிலால்:
ஏதாவது ஒன்று போதும்.