முதல் இல்லாத வண்டி

சாவியைக் கொடுக்கும்போது
பவளராணி சொன்னது இவ்வளவுதான்:
"ஒன்னத் தொடாதே. பல்லு போயிருக்கு.
ரெண்டுலயே எடு."

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இந்த வேனுக்குப் பல் போன பிறகுதான் பேச்சே அதிகம்.
கதவு ஒரு பக்கம், புகைக்குழாய் ஒரு பக்கம்,
டாஷ்போர்டுக்குள் எங்கேயோ
யாரோ விட்ட இருபது சென் உருண்டபடி.

கியர்க் குமிழில் எண்கள் இல்லை.
தேய்ந்து, பெரிய நெல்லிக்காய் போல வழுவழுப்பு.
எது ஒன்று, எது ரெண்டு
உள்ளங்கைதான் தேடிக்கொள்ள வேண்டும்.

பின்னால் நாற்பது கிலோ சோளம்,
ஆவிப் பானை, காஸ் தோங், மடக்கு மேசை,
ரெண்டு டப்பா மார்ஜரின்.
பாயான் லெப்பாஸில் பதினோரு வருடம்
உருப்பெருக்கியின் கீழ் சில்லுகள் பார்த்த கண்
இப்போது பக்கக் கண்ணாடியில்.
ஆட்குறைப்புக் கடிதம் இன்னும் கைப்பையில்.
பேங்கில் கேட்டார்கள், முதல் எவ்வளவு போடுவீர்கள் என்று.
கடிதத்தைக் காட்டலாமா என்று யோசித்தேன்.

ரெலாவைத் தாண்டி
பாயா தெருபோங் பக்கம் ஏறும் சாலை.
சமதரையில் ரெண்டு ஒத்துக்கொண்டது.
முனகும், குலுங்கும், போய்விடும்.
ஏற்றத்தின் நடுவில்
சிவப்பு விழுந்தது.

ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான்.
பின்னால் ஒரு ஹைலக்ஸ், முட்டிக்கொள்ளும் கிட்டத்தில்,
பாலேக் பூலாவிலிருந்து டுரியான் ஏற்றி வந்தது.
வாசனையே வந்து என் இருக்கையில் உட்கார்ந்தது.

பச்சை.
எஞ்சின் செத்தது.
ஒரு முழம் பின்னால் போனோம்
நானும் நாற்பது கிலோவும்.
ஹைலக்ஸ் அலறியது.

மறுபடி சாவி.
இடது கை, என்னைக் கேட்காமல்,
ஒன்றை நோக்கிப் போனது.
ஒரே ஒரு தடவை, பட்டும் படாமல்...
கரக் என்று ஒரு கடி.
கொதிக்கும் பானையைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டேன்.

சரி, ரெண்டுதான்.
கிளட்சை மேலே விட்டேன், மெல்ல,
தூங்கும் பிள்ளையின் கைக்கு அடியிலிருந்து
தலையணையை உருவுவதுபோல.
வலது காலில் மிதித்தேன், வெட்கமில்லாமல்.
வண்டி முழுக்க நடுங்கி
தேங்காய் நார் கருகும் நாற்றம் எழுந்து
போகவா வேண்டாமா என்று ஒரு கணம் நின்று
போனது.

எனக்குப் பின் மஞ்சள், உடனே சிவப்பு.
ஹைலக்ஸ் அங்கேயே மாட்டிக்கொண்டது.
பாவம், என்னைத் திட்டியிருப்பான்.
நானும் திட்டியிருப்பேன்.

பசார் மாலாமில் மேசையை விரித்த பிறகுதான் தெரிந்தது
கப்புகளை எடுத்து வரவில்லை.
பக்கத்து அப்பம் பாலேக் கடைக்காரியிடம்
அம்பது கப்பு கடன்.
பதினேழு விற்றது.

நாலு மாதம் ரெண்டிலேயே ஓட்டினேன்.
பிறகு தவணையில் வேனை வாங்கிக்கொண்டேன்.
ஆயர் ஈத்தாம் பட்டறையில் ஆ கியோங்
அடியில் படுத்தபடியே கையை மட்டும் நீட்டினான்.
விரல்நுனியில் ஒரு ரப்பர் வளையம், நெற்றிப்பொட்டு அளவு,
நைந்து போனது.
"சத்து ஓகே லா. இதான் ரோசாக்."
கம்பி போய்ச் சேரவில்லையாம், அவ்வளவுதான்.
ஒன்று அங்கேயே இருந்திருக்கிறது,
எல்லாப் பற்களோடும்.

வளையம் ஆறு ரிங்கிட்.
தேய்ந்த கிளட்ச் தட்டு முந்நூற்று எண்பது.
ரெண்டாவதைச் சொல்லும்போதுதான்
அவன் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தான்.

அன்று மாலை அதே ஏற்றம், அதே சிவப்பு.
ஒன்றில் போட்டேன்.
நடுக்கம் இல்லை, நாற்றம் இல்லை.
பச்சை விழுந்ததும் வண்டி
ஆட்டுக்குட்டிபோல் ஒரு துள்ளு துள்ளியது.
பயந்து பிரேக்கை மிதித்துவிட்டேன்.
யாரோ ஹார்ன் அடித்தார்கள்.

ராத்திரி பவளராணி போன் பண்ணினாள்.
"ஒன்னு எப்படி இருக்கு?"
"ரொம்ப சத்தம் போடுது," என்றேன்.
"எங்கயும் போய்ச் சேர மாட்டேங்குது."
சிரித்தாள்.
"அதுல எவ்வளவு நேரம்டி ஓட்டினே?"

வீடு வரைக்கும்.