வெள்ளிப் பூச்சு

துலூத் நகரம், பிப்ரவரி, வியாழன் நண்பகல்.
ஏரி உறைந்து கிடக்கிறது.
நான்காம் மாடி அறையில் பீட்சாவும் விறைத்துவிட்டது.
டாக்டர் நீமி பாடம் நடத்துவதில்லை.
"படித்துவிட்டு வந்திருப்பீர்கள்" என்று
கேள்வித்தாளை நீட்டிவிட்டுச்
சன்னலோரம் போய் நின்றுகொள்வார்.

முதல் சுற்று, தனித்தனியாக.
எனக்குப் பத்துக்கு ஒன்பது.
அதை இப்போதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பாருங்கள்.

இரண்டாம் சுற்றிலும் அதே கேள்விகள்,
நால்வருக்கு ஒரே அட்டை.
லாட்டரிச் சீட்டுப் போலச் சுரண்ட வேண்டும்:
சரியான கட்டத்தில் ஒரு நட்சத்திரம்,
மற்றதில் ஒன்றுமில்லை.
நாணயம் என் கையில் இருந்தது.
யாரும் தரவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

ஏழாவது கேள்வி.
ஐம்பத்தெட்டு வயது, நெடுநாள் குடி, சோடியம் நூற்றெட்டு.
ஆறு மணி நேரத்தில் ஒன்பது ஏறிவிட்டது;
சிறுநீர் குடம் குடமாய்ப் போகிறது.
அடுத்து என்ன?
"தேறுகிறாரே, அதே சலைன் ஓடட்டும்" என்றேன்.
லகார்ட் தலையாட்டினான்.
ஹௌகன் மென்றுகொண்டிருந்தாள்.
இரவுப் பணி முடித்து வந்த பா நியா
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
"தேறுகிற வேகம்தான் பயம்" என்றாள்,
மேசையிடம் சொல்வது போல.

சுரண்டினேன்.
ஒரு வெற்றுக் கட்டம் அவ்வளவு வெள்ளையாக இருக்குமா?

ஹௌகன் மெல்வதை நிறுத்தினாள்.
"நீ சொல், பா நியா."
சொன்னாள்:
உப்பின் வறுமைக்குப் பழகிய மூளை
ஒரே நாளில் வரும் செல்வத்தைத் தாங்காது,
நீர் ஓடும் மதகை மருந்தால் அடைக்க வேண்டும்.
போன குளிர்காலம் ஒருவரைப் பார்த்தாளாம்.
எல்லா எண்களும் சரியாகிவிட்டன,
கண்களை மட்டும் அசைத்தார்.

அவர் என் ஒன்பதில் இல்லை.

நாணயத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.
நட்சத்திரம்.

"பாதி மதிப்பெண் எங்கே போயிற்று?" நீமி கேட்டார்.
"நாங்கள் அவசரப்பட்டோம்" என்றான் லகார்ட்.
அந்த 'நாங்கள்'
எனக்கு ஓரளவு பெரிய கோட்டு;
இருந்தும் போட்டுக்கொண்டேன்.

இரவு இரண்டரை. ஏழாம் வார்டு.
ஆய்வகத்திலிருந்து ஓர் எண், இம்முறை பொட்டாசியம்.
என்ன செய்வதென்று தெரியும். அனேகமாகத் தெரியும்.
செவிலியர் டார்லீன் பக்கம் திரும்பி
"நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்?" என்றேன்.
அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார்.
பிறகு பேசத் தொடங்கினார்.

கையுறைக்குள், கட்டைவிரல் நகக்கண்ணில்,
எத்தனை கழுவியும் போகாத
கொஞ்சம் வெள்ளித் தூள்.