பாலத்து மட்டம்

ஆறாவது வீட்டில்
ஐடா டீச்சர் சாதி கேட்கவில்லை.
"எந்த சபை?" என்றார்.
சொன்னேன்.
"சாளை பொரிப்பியளா?"
அதையும் சொன்னேன்.
மஸ்கட்டில் இருக்கும் மகனிடம் கேட்டுச் சொல்வதாக
கேட்டை மெல்லச் சாத்தினார்.

இது ஏழாவது. பார்வதிபுரம்.
மேம்பாலத்தின் மட்டத்துக்கே சன்னல்.
"சத்தம் கொஞ்சம் கேக்கும்,
அதான் ரெண்டாயிரம் குறைவு" என்று
புரோக்கர் விஜிலன் சொன்னது
லாரி இரைச்சலில் பாதிதான் கேட்டது.
அட்வான்சுக்கு
வளையல் இரண்டும் கோட்டாற்று அடகுக்கடையில்.

முதல் ராத்திரி
திருவனந்தபுரம் பஸ் நெரிசலில் நின்றது,
என் அடுக்களைக்கு நேராக.
கம்பியைப் பிடித்து நின்றவள் ஒருத்தி
சட்டியில் சாளை கிடப்பதைப் பார்த்தாள்.
வாசனை போயிருக்கும்.

சன்னலைச் சாத்தவில்லை.
பஸ் நகர்வதற்குள்
மறுபக்கமும் பொரிந்துவிட்டது.