ஐம்பத்தேழு மில்லிவோல்ட்

ஒருரோவில் இரவு பதினொரு மணி.
பாகங்கள் வாங்க வெள்ளிக்கிழமை வரவேண்டும்,
சம்பளம் அன்றுதான்.
அதுவரை பென்சில், தாள்,
விசிறி கரகரக்கும் பழைய லேப்டாப்.

சந்தையில் உருளைக்கிழங்கு கூவி விற்கும்
தோன்யா கிரிமால்தாவின் ஒலிபெருக்கிக்கு
ஒரே ஒரு டிரான்சிஸ்டர்.
பன்னிரண்டு வோல்ட்டை
நாற்பத்தேழு கிலோ ஓமும் பத்தும்
பங்கு பிரித்ததில்
அடிவாய்க்கு 2.105.
அதில் 0.7 போக
உமிழ்ப்பானுக்கு 1.405.

0.7 என்று யார் சொன்னது?
எல்லோரும் சொல்வதுதான்.
அடிவாய் உறிஞ்சும் மின்னோட்டம்?
எறும்பு குடித்தா ஏரி வற்றும் என்று
விட்டுவிட்டேன்.
(எங்கள் ஊருக்குத் தெற்கே பூப்போ ஏரி
வற்றித்தான் போனது.
அது வேறு கணக்கு.)

அதே படத்தை மென்பொருளில் வரைந்து
ஓடு என்றேன்.
மறுத்தது.
பூமி இணைப்பு இல்லையாம்.

தாளில் நான் வரையவே இல்லை.
கீழ்க்கோடென்றால் பூஜ்யம்,
கைக்குத் தெரியும்.
அதற்குத் தெரியாது;
எங்கிருந்து அளப்பதென்று சொல்லாதவரை
எந்தப் புள்ளிக்கும் உயரமில்லை அதற்கு.

பள்ளியில் மனப்பாடம் செய்தோம்:
நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து
ஏறத்தாழ மூவாயிரத்து எழுநூறு மீட்டர்.
கடலைப் பறிகொடுத்த நாடு.
அளப்பது மட்டும் இன்றும்
அங்கிருந்தே.

பூமியை வரைந்தேன்.
கீழே போகப்போகச் சிறுக்கும் மூன்று கோடு.
ஓடியது.

உமிழ்ப்பான் 1.398.
ஏழே மில்லிவோல்ட்!
எழுந்து ஆடாத குறை.
எவாரிஸ்தோவிடம் சொல்லப் போனை எடுத்தவள்
ஒரு வரி மேலே பார்த்தேன்.

அடிவாய் 2.048.

ஐம்பத்தேழு எங்கே போனது?
மேலதிலிருந்து கீழதைக் கழித்தால்
0.65தான் வருகிறது, 0.7 இல்லை.
எறும்பும் குடித்திருக்கிறது.
முதல் வரியில் ஐம்பத்தேழு கூட்டி வைத்தேன்,
அடுத்த வரியில் ஐம்பது கூடுதலாய்க் கழித்தேன்.
கார்னிவல் முடிந்த விடியலில்
இரண்டு குடிகாரர்கள் தோள்மேல் கைபோட்டு,
ஒருவன் இடப்பக்கம் சாய
மற்றவன் வலப்பக்கம் சாய,
நேராக வீடு வந்து சேர்வதுபோல
வந்திருக்கிறது என் சரியான விடை.

போன் தானாகவே அடித்தது.
அந்தோஃபகாஸ்தாவிலிருந்து எவாரிஸ்தோ.
தாமிரம் ஏற்றும் துறைமுகம்,
பின்னால் அந்தக் கடல்.

நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றான்.
கூரை ஒழுகுவது நின்றுவிட்டது என்றேன்.

ரொட்டியும் தேநீரும்தான் மூன்று வேளையும் என்று
அவன் அறைக்காரனின் மனைவி
செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தாள்.
வாளியில் சொட்டு விழும் சத்தம்
அவனுக்கும் கேட்டிருக்கும்.
அவன் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
இருவரும் நிம்மதியாக வைத்தோம்.

தாளுக்குத் திரும்பினேன்.
1.405ஐ அடிக்க மனமில்லை.
அதன் மேல் வரியைச் சுற்றி
ஒரு வட்டம் மட்டும் போட்டேன்.

ஏற்பானை இன்னும் பார்க்கவில்லை.
கையில் 5.397 என்று வந்திருந்தது.
மென்பொருள் என்ன சொல்கிறதென்று
திரையைக் கீழே இழுப்பதற்குள்
சொட்டின் சத்தம் மாறியது,
தகரத்தில் விழுந்தது
தண்ணீரில் விழுகிறது.

வாளி நிறைந்துவிட்டது.
முதலில் அதைக் கொட்டிவிட்டு வருகிறேன்.