உவர்மலை, ஞாயிறு, காருக்கு அடியில்

கிண்ணியாப் பாலத்தில் நான் ஏறும்போதே
உவர்மலைக்குக் கேட்குமாம் என் கார்.
சீனக்குடாவில் ஒருநாள் காவல் நின்ற பொடியன்
மறிக்காமலே போகச் சொன்னான்
ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு.

சைலன்சர் உக்கிப்போச்சு.
பதினெட்டு வருஷக் கடற்காற்று
கீழேயிருந்து தின்றிருக்கிறது, ஆறுதலாக.
விரலால் குத்தினால் அப்பளம்.

கராஜில் விலை சொன்னார்கள்.
எனக்கு இல்லை,
எனக்குப் பின்னால் நின்ற மிதுர்ஷனுக்கு.
அவனுக்குப் பதின்மூன்று வயது.
விலை கூடத்தான்.
ஆனால் நானே கழற்றுவதென்று முடிவெடுத்தது
விலைக்காக இல்லை.

பஞ்சிகாவத்தையில் பழசொன்று பேசி எடுத்தேன்.
கொழும்பு இரவு பஸ்ஸில் வந்து இறங்கியது
பேப்பர் சுற்றி, கயிறு கட்டி,
பில்லையும் அதிலேயே குத்தி.
நீளத்தைப் பார்த்துவிட்டுக் கொண்டக்டர்
அரை டிக்கெட் போட்டிருந்தான்.

சனி இரவே நட்டுகளுக்கு
மண்ணெண்ணெயும் பிரேக் ஒயிலும் கலந்து பூசி
ஊற விட்டேன்.
விடிய, ஜக்கை நம்பாமல்
சிலிப்பர் கட்டைகள் அடுக்கிக் காரை இறக்கி
இரண்டு தரம் உலுக்கிப் பார்த்தபிறகுதான் படுத்தேன்.
துரு கண்ணுக்குள் கொட்டும்.
நிலாவெளியில் படகோட்டும் தம்பியின்
சுழியோடுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.
அதற்குள்ளால் பார்த்தால்
புறாத்தீவுக்குக் காசு கட்டத் தேவையில்லை:
குழாய் நீளத்துக்கும் செங்கல் நிறப் பவளம்,
செதில் செதிலாய்,
வளைவில் ஒரு குளவிக்கூடு.
மீன்தான் இல்லை.

மூன்று நட்டில் ஒன்று பணிந்தது.
ஒன்று சாவிக்குள் வழுக்கி வழுக்கி
மூலை தேய்ந்து உருண்டையானது.
அதை வாளால் அறுத்தேன்,
பத்து மணிக்குத் தொடங்கி, கோயில் மணி கேட்கும் வரை.
மூன்றாவது முறிந்த சத்தத்தில்
மிதுர்ஷன் டோர்ச்சைக் கீழே போட்டான்.
"கைக்குப் பிடி வெளிச்சத்தை, என்ர முகத்துக்கில்லை."
இது ஏழாம் தரம்.

தொங்கு ரப்பர்களுக்குச் சவர்க்காரத் தண்ணீர்.
முதலாவது வழுக்கி விட்டது.
கடைசியானது பிடிவாதம்.
இரண்டு கையாலும் இழுக்க
என் வாய் தன்பாட்டில் சொன்னது
பிரசவ வார்டில் சொல்வதை:
"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்,
அவ்வளவுதான் அம்மா, அவ்வளவுதான்."
விழுந்தது என் நெஞ்சில்.
ஒன்பது கிலோ இருக்கும்.
அழவில்லை.

வெளியே ஊர்ந்து வந்தால்
மதிலோரம் ஒரு மான்.
கோட்டைப் பக்கத்தால் இறங்கி
குப்பை மேய வருகிறவைகளில் ஒன்று.
நேற்றைய செய்தி முழுவதையும் சாப்பிட்டுவிட்டு
கடைசியாய்,
என்னைப் பார்த்தபடியே,
பில்லை மென்றது.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது
புதியதின் துளை பொருந்தவில்லை என்று.
ஒரு நகக்கண் அளவு பிழை.
பில் இல்லாமல் பஞ்சிகாவத்தைக்காரன்
என் பெயரையே ஒத்துக்கொள்ள மாட்டான்.
அரத்தை எடுத்தேன்.
வட்டத் துளை முட்டைத் துளையாகும் வரை
ராவினேன்,
மத்தியானச் சோறு ஆறியது,
ராவினேன்,
பக்கத்து வீட்டு யோகராணி எட்டிப் பார்த்து
"ஆளொன்றைப் பிடிச்சிருக்கலாமே" என்றாள்,
ராவினேன்.

பூட்டி முடிய ஆறரை.
புது கேஸ்கட், புது கிளாம்ப்,
முழங்கையில் ஒரு நீளக் கீறல்.
சாவியைத் திருப்பினேன்.
ஒன்றுமில்லை.
வயிறு கலங்க மறுபடி திருப்பினேன்.
ஸ்டார்ட்டர் கிறீச்சிட்டது.
கார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

கையைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன்.
இளஞ்சூடாய், ஈரமாய், ஒரே சீராய் மூச்சு.
சிரிப்பு வந்தது எனக்கு.
மிதுர்ஷன் சிரிக்கவில்லை.
"அனுராதபுரச் சந்தியில திரும்பேக்கையே
கேக்கும் எனக்கு," என்றான்.
"இனி நீங்க வாறது எப்பிடித் தெரியும்?"

இரவில் தனியே இருக்கிற பயமா,
போனை ஒளிக்க நேரம் போதாதென்ற கணக்கா?
பார்த்துச் சொல்லலாம் என்று திரும்பினால்
டோர்ச் நேரே என் முகத்துக்கு.
எட்டாம் தரம்.