வெளி விளக்கை அணைத்துவிட்டு

அடுத்த வீட்டுப் புல்தரையில்
மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு கை.
ரப்பர்க் கை, கடையில் நாலு டாலர்.
எட்மன்டனில் நேற்றே பனி விழுந்துவிட்டது.
இப்போது விரல் நுனி மட்டும் வெளியே.

அக்காவின் பள்ளிப் பேருந்து வரும்வரை
ஆசேர் அதையே பார்த்து நிற்பான்.
நாலு வயது. எதையும் உடனே கேட்கமாட்டான்.
பகலெல்லாம் ஊறப்போட்டு
ராத்திரி சோற்றில் நான் ரசம் ஊற்றும்போது கேட்பான்.
"தாத்தா எழுந்திருவாங்கன்னு சொன்னீங்கல்ல,
இப்படித்தான் கை முதல்ல வருமா?"

ஈஸ்டருக்கு முந்தின வாரம்
பாளையங்கோட்டையில் அப்பாவை அடக்கம் செய்தார்கள்.
டிக்கெட் கிடைக்கவில்லை.
போனில் குழியைக் காட்டினார்கள், அவனும் பார்த்தான்.
எழுந்திருப்பார் என்று நான்தான் சொன்னேன்.
எக்காளம் என்றேன், வெள்ளை அங்கி என்றேன்.
கையைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"விளையாட்டுதானே பிளெஸ்ஸி,
ரெண்டு பாக்கெட் சாக்லேட் வாங்கி வை"
என்கிறார் வின்ஸ்லி.
சபையில் அறுப்பின் பண்டிகை என்று பேரை மாற்றி
அதே சாக்லேட்டைக் கொடுக்கிறார்கள்.
எமீமாளுக்கு எஸ்தர் ராணி வேஷம் தைத்தேன்.
"வகுப்புல யாருக்கும் எஸ்தரைத் தெரியாதும்மா"
என்று ஜரிகையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

எனக்குப் பேய்ப் பயம் கிடையாது.
முதியோர் இல்லத்தில் இரவுப் பணி எனக்கு.
போன மாதம் மட்டும் மூன்று பேருக்குக்
கண்ணை மூடிவிட்டேன், தாடையைக் கட்டிவிட்டேன்.
செத்தவர்கள் யாரையும் பயமுறுத்துவதில்லை,
கனக்கிறார்கள், அவ்வளவுதான்.
அந்தக் கனம் தெரியும் முன்னே
என் பிள்ளை சிரிக்கக் கற்றுக்கொள்வானே என்றுதான்.
இதை வின்ஸ்லியிடம் சொல்லத் தெரியவில்லை.
"இருட்டின காரியம்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம்
வெளி விளக்கை அணைத்தேன்,
திரையை இழுத்துவிட்டேன்.
தரையில் உட்கார்ந்து ஜெபம்.
பொல்லாப்பு எங்கள் வாசற்படி மிதிக்காதபடிக்கு
என்று பாதியில் இருக்கும்போது
மணி அடித்தது.

திறந்தால் ஒரு சாத்தான்.
இடுப்பு உயரம்.
கம்பளித் தொப்பிமேல் கொம்பு,
பனிக் கால்சட்டைக்குள் பாதி வால்.
காலைக் காலோடு பின்னிக்கொண்டு நிற்கிறான்.
பின்னால் அவன் அப்பா, கையில் தலையணை உறை.
"மன்னிக்கணும், விளக்கு இல்லைன்னு பார்த்தேன்.
வீடு நாலு தெரு தள்ளி.
இவனுக்கு ரொம்ப அவசரம்."

கேட்கிற நேரமா அது?
கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினேன்.
ஜாக்கெட் ஜிப், கால்சட்டை ஜிப்,
உள்ளே சிவப்பு உடுப்பு, அதற்கு முதுகில் பொத்தான்.
சாத்தானை அவிழ்ப்பது இத்தனை பாடா!
"பொறு ராசா, பொறு, இதோ ஆச்சு"
தமிழில்தான் சொன்னேன். பொறுத்தான்.
அவனுடைய மூணு முள் ஈட்டியைப்
பிடித்துக்கொண்டு கதவோரம் ஆசேர்.

கொடுக்க வீட்டில் மிட்டாய் இல்லை.
அச்சுமுறுக்கு இரண்டைத் தாளில் சுற்றிக்
கொடுத்தேன்.
முகர்ந்து பார்த்துவிட்டு உறைக்குள் போட்டுக்கொண்டான்.
எஸ்தர் ராணி படியில் நின்று கையசைத்தாள்.
ஜெபத்தை எங்கே விட்டேன் என்று நினைவில்லை.
ஆமென் மட்டும் சொல்லி முடித்தோம்.

படுக்கையில் ஆசேர் சொன்னான்,
"அவனுக்குக் குழாய் எட்டலை.
நான் சோப்பு குடுத்தேன்."

விளக்கை நான் மறுபடி போடவில்லை.
அடுத்த வருஷமும் போடமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிறு மத்தியானம்
அடுத்த வீட்டுக்காரர் எல்லாவற்றையும்
பெட்டியில் அடுக்கினார்.
கடைசியாகக் கையைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்.
மண் உறைந்து கிடந்தது, லேசில் வரவில்லை.
வந்தபோது அடியில் ஒன்றுமில்லை,
ஒரு சாண் கம்பி.

ஆசேர் ஜன்னலில் நின்று
முழுசும் பார்த்தான்.
இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று நான் ரசம் வைக்கவில்லை.