பன்னிரண்டு நிமிடம்

நுழைவாயில் சுவரில்
பதினொரு மொழியில் வரவேற்கிறார்கள்.
பன்னிரண்டாவது, கைகளால் பேசும் மொழி;
அதற்கென்று ஒரு சட்டம் மாட்டி
உள்ளே ஒன்றும் வைக்காமல் விட்டிருக்கிறார்கள்.
என் வெண்டா மொழி ஒன்பதாவது வரி,
பாதி தீயணைப்புக் கருவிக்குப் பின்னால்.
அதில் ஓர் எழுத்துக்கு அடியில்
சின்னக் கூரைபோல ஒரு குறி வரவேண்டும்.
பெயின்டருக்குத் தெரியவில்லை.
நாலு வருஷமாக அதன் கீழேதான் தரை துடைக்கிறேன்.

ஏழாம் வார்டிலிருந்து ஆள் வந்தது:
"ட்ஷினகாஹோ, வாளியை வை, வா."
கையுறையைக் கழற்றவா வேண்டாமா
என்று யாரும் சொல்லவில்லை.
கழற்றிப் பையில் திணித்துக்கொண்டேன்.

டாக்டர் ஃபூரி நல்ல பெண்தான்.
மெதுவாகப் பேசினால் இங்கிலீஷ்
எவருக்கும் புரிந்துவிடும் என்று நம்புகிறவள்.
கட்டிலில் நெட்ஷிதூனி,
சுரங்கத்தில் பாறை உடைத்த ஆள்.
கோப்பில் அவர் பெயரை மூன்று விதமாக எழுதி
மூன்றையும் ஒரே பின்னால் குத்தியிருந்தார்கள்.
சர்க்கரை.
முழங்காலுக்குக் கீழே கறுத்துவிட்டது.

"வெட்ட வேண்டும் என்று சொல்."
எனக்குத் தெரிந்த வெட்டெல்லாம்
விறகுக்கு, இறைச்சிக்கு.
"கால் உங்களைவிட்டுப் போகவேண்டியிருக்கிறது"
என்றேன்.

அவர் நெடுநேரம் பேசினார்,
விட்டத்தைப் பார்த்து, பிறகு
என் செருப்பைப் பார்த்து.
டாக்டர் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.
"என்ன சொல்கிறார்?"
"சரி என்கிறார்."
"இவ்வளவு நேரமும் சரி என்றா சொன்னார்?"
"சரிக்கு எங்களில் வழி நீளம், டாக்டர்."

அவர் கேட்டது வேறு.
வெட்டின கால் எங்கே போகும்?
அப்பாவைப் புதைத்த மண்ணுக்கு
முழுசாக வந்து படுப்பதாகச் சொல்லிவிட்டு வந்தவன்;
மிச்சத்தை இங்கே போட்டுவிட்டு
அங்கே எந்தக் காலை எடுத்து வைப்பேன்?

அதைச் சொல்ல என்னிடம்
இங்கிலீஷ் இல்லாமல் இல்லை.
அவள் பதிலும் எனக்குத் தெரியும்:
சிவப்புத் தொட்டி, வியாழக்கிழமை, பின்கட்டுச் சூளை.
தள்ளிக்கொண்டு போகிறவளே நான்தான்.

அதனால் நேராக நானே சொன்னேன்:
"நெருப்புக்குப் போகும் அய்யா.
வண்டி என் கையில்தான்.
உங்கள் பெயரைச் சொல்லித்தான் இறக்குவேன்."
"சரியாகச் சொல்லுவாயா?"
சொல்லிக் காட்டினேன்.
முதல் எழுத்தில் நாக்கு பல்லைத் தொடவேண்டும் என்று
இன்னொரு தடவை சொல்லவைத்தார்.

"இப்போது என்னவாம்?"
"வலிக்குமா என்று கேட்கிறார்."
டாக்டரின் முகம் இளகியது.
வலிக்காது என்று சொல்லச் சொன்னாள்.
சொன்னேன்.
அந்த ஒன்றைத்தான் அவர் நம்பவில்லை.

இங்கிலீஷ் தாளில் அவர் கட்டைவிரல்.
சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து.
பதவி என்ற கோட்டின் முன் சற்று யோசித்து
மொழிபெயர்ப்பாளர் என்று அவளே எழுதினாள்.
என் சம்பளச் சீட்டில் அப்படி ஒரு வரி கிடையாது.
சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம்.
வாளித் தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

வியாழக்கிழமை
லிஃப்டுக்குள் ஸ்வேலாக்கே கேட்டான்:
யாரோடு பேசிக்கொண்டு வருகிறாய்?
கேட்டது ஜூலுவில்.
வேலை என்றேன், ஜூலுவிலேயே.
அவன் இரண்டாம் மாடியில் இறங்கிக்கொண்டான்.
கதவு மூடியதும்
விட்ட எழுத்திலிருந்து தொடர்ந்தேன்.